பல் வலியும் செட் மாத்திரையும்

கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.



வழக்கமாக நான் எழுந்து நின்றால் சேமிப்பு, தவணை பாக்கி, தணிக்கை என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பல் வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் நம் கடன் நோட்டுக்கும் பல்லுக்கும் உள்ள சம்பந்தம் புரிந்துவிடும்.

நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரி. உசிலம்பட்டிப் பக்கம். பெயர் வேண்டாம், சொல்லச் சொல்லி அவரே அனுமதி கொடுத்ததால்தான் சொல்கிறேன். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். விடியுமுன் எழுந்து, பூ விரிவதற்குள் எடுத்து முடித்தால்தான் கூலி. அவருக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லில் சொத்தை. வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் காலையில் போய் ஓ.பி. சீட்டுப் போட வேண்டும். அதே காலைதான் பூ எடுக்கிற நேரம். ஒரு நாள் கூலி போய்விடும்.

அதனால் மருந்துக்கடைக்குப் போனார். "அண்ணே, பல் வலிக்குது, மூணு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்றார். ஒரு சின்னக் காகித உறையில் மூன்று நிறத்தில் மாத்திரை. நாற்பது ரூபாய். வலி நின்றது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி நாற்பது ரூபாய். இப்படி எட்டு மாதத்தில் ஆறு தடவை.

ஏழாவது தடவை வந்தது வலியோடு நிற்கவில்லை. தாடைக்குக் கீழே வீங்கி, கழுத்து கல் மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்த்தார்கள். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். முதலில் போட்ட மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து, வேறு ஊசி மாற்றிய பிறகுதான் காய்ச்சல் விட்டது. பதினொரு நாள் படுக்கை.

பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனாலும் அவசரத்துக்குப் பிடித்த வண்டி, தனியாரில் கட்டிய பணம், கூட இருந்தவர் சாப்பாடு, கணவன் மனைவி இரண்டு பேர் கூலி என்று குழுவில் 15,000 ரூபாய் அவசரக் கடன் எடுத்தார். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். உயிர் தப்பியதே பெரிது என்று டாக்டர் சொன்னார். இதுதான் கடன் நோட்டுக்கும் பல்லுக்கும் உள்ள சம்பந்தம்.

மாத்திரை ஏன் பல்லைக் குணமாக்காது?

நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி: "மாத்திரை போட்டதும் வலி நின்னுச்சே, அப்ப அது வேலை செஞ்சதுதானே?"

அந்த செட்டில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று வலி மாத்திரை. இன்னொன்று ஆன்டிபயாடிக், அதாவது கிருமியைக் கொல்லும் மாத்திரை. அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற பெயர்களை அட்டையில் பார்த்திருப்பீர்கள். வலியைக் குறைத்தது வலி மாத்திரை. பேர் வாங்கியது ஆன்டிபயாடிக்.

பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாம் தின்கிற இனிப்பை வாயில் உள்ள கிருமிகள் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேல் ஓட்டை அரித்துக் குழி போடுகிறது. குழி ஆழமாகி, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் வரைக்கும் போனால் உயிர் போகிற வலி வருகிறது. அந்தக் கூழ் வீங்க இடமில்லை. நாலு பக்கமும் கல் மாதிரிப் பல். அதனால்தான் அந்தத் தெறிப்பு. இந்த நிலையில் ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்காது.

பிறகு கூழ் செத்துப் போகும். வலியும் நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று நாம் நினைப்போம். உண்மையில் அங்கே பல் அழுகத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகிற இடத்துக்குத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் ஏது? வாய்க்கால் தூர்ந்த வயலுக்குக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன பயன்?

அதனால் பல்லில் கை வைத்தால்தான் தீர்வு. சொத்தையைச் சுரண்டி அடைக்க வேண்டும், அல்லது வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும், சீழ் இருந்தால் வடிக்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்கு, பல்லுக்கு நேரடிச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், பெரும்பாலான பல் வலிக்கும் பல்லடி வீக்கத்துக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல், பரவுகிற வீக்கம் போன்று உடம்பு முழுக்கப் பாதிப்புத் தெரிந்தால்தான் அது தேவை. அப்போதும் பல் சிகிச்சையோடு சேர்த்து.

புழு சாகாத கதை

சரி, தேவையில்லாமல் தின்றால் என்ன நஷ்டம்? நாற்பது ரூபாய்தானே? இல்லை.

நம்மில் பருத்தி போட்டவர்கள் இருக்கிறீர்கள். காய்ப்புழுவுக்கு மருந்து அடித்த கதை உங்களுக்குத் தெரியும். முதல் வருசம் அடித்ததும் புழு செத்து விழும். தப்பித்த ஒன்று இரண்டு புழு குஞ்சு பொரிக்கும். அடுத்த தடவை அதே மருந்துக்கு இன்னும் கொஞ்சம் தப்பிக்கும். கடைசியில் மருந்தில் குளிப்பாட்டினாலும் சாகாது. 1987-இல் ஆந்திரப் பருத்திக்காட்டில் இதுதான் நடந்தது. திரும்பத் திரும்ப அடித்த மருந்துக்குக் காய்ப்புழு சாகாமல் விளைச்சல் அழிந்து விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள்.

நம் உடம்புக்குள்ளும் அதே கதைதான். ஒவ்வொரு தடவை ஆன்டிபயாடிக் போடும்போதும் பலவீனமான கிருமிகள் சாகின்றன. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. அதிலும் ஒரு கெட்ட குணம். ஒரு கிருமி, தான் தப்பித்த ரகசியத்தை வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுத்துவிடுவது போல! ஒரு கரண்டி போதும், அந்த வீட்டுப் பாலும் தயிராகிவிடும். பல்லுக்காகத் தின்ற மாத்திரை, வயிற்றில் உள்ள கிருமிகளையும் பழக்கிவிடுகிறது. நாளைக்கு அதுவே சிறுநீர்த் தொற்றாகவோ, பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலாகவோ, ஆபரேஷன் புண்ணாகவோ வரும்போது சாதாரண மருந்து கேட்காது. கிருமி வீடு விட்டு வீடும் போகும். எனவே மாத்திரை தின்றவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, தின்னாத பச்சைப் பிள்ளைக்கும் நஷ்டம்.

உசிலம்பட்டிச் சகோதரிக்கு அந்த ஆறு செட் மாத்திரையால்தான் மருந்து கேட்கவில்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது ஒண்ணுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தவங்ககிட்டதான் இப்படிக் கிருமி அதிகமா இருக்கும். அதைவிட முக்கியம், மாத்திரை வலியை மறைச்சதால எட்டு மாசம் பல்லை எடுக்காம விட்டுட்டாங்க" என்றார்.

நம் ஊர் டாக்டர்கள் அடித்த மணி

இது ஏதோ வெளிநாட்டுக் கவலை என்று நினைக்காதீர்கள். பென்சிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையில், கண்டபடி குறைவாகத் தின்றால் கிருமிகள் பழகிவிடும் என்று எச்சரித்தார். நாம் கேட்கவில்லை.

2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிகக் கடைசியாக வைத்திருக்கும் வீரியமான ஊசிகளையே முறிக்கும் கிருமிகள், சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் இருந்தன. நாடே அதிர்ந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. அதற்குச் 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர். அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். 2013-இல் மத்திய அரசு 'எச்1' என்ற மருந்துப் பட்டியலைக் கொண்டுவந்தது, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எவ்வளவு விற்றோம் என்று கடைக்காரர் நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அமாக்ஸிசிலின் போன்ற மற்ற ஆன்டிபயாடிக்குகளும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவைதான்.

2016-இல் 'சிவப்புக் கோடு' பிரசாரம் வந்தது. மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் சிவப்புக் கோடு தெரியும். ஆனால் காகித உறையில் பிரித்துப் போட்டு வாங்கினால் கோடும் தெரியாது, பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது.

2019-ஆம் வருடம் மட்டும், மருந்து கேட்காத கிருமிகளால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரும், நம் நாட்டில் சுமார் 3 லட்சம் பேரும் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகில் மனிதர்களுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பல் சிகிச்சைக்காக எழுதப்படுகிறது. சீட்டே இல்லாமல் நாம் வாங்கித் தின்பது வேறு கணக்கு.

நான் செய்த தப்பு

இவ்வளவு பேசுகிறேனே, நான் ஒழுங்கா? இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சகோதரி ஆறு தடவை மாத்திரை போட்டார் என்றேன். அதில் ஐந்து தடவை கடையில் வாங்கியது. ஒரு தடவை நான் கொடுத்தது. எனக்கு ஞானப்பல் எடுத்தபோது மிச்சமான ஆறு கேப்சூல் கைப்பையில் கிடந்தது. குழுக் கூட்டத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தாங்கக்கா, இதைப் போடுங்க, நல்ல மாத்திரை" என்று கொடுத்தேன். அவர் என்னை வாழ்த்தினார். சமூகப்பணி படித்தவள், நாலு ஊருக்குச் சுகாதாரம் சொல்கிறவள், நான்தான் கொடுத்தேன்.

வார்டில் அவரைப் பார்க்கப் போனபோது, வாயைத் திறக்க முடியாமல், கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய உதவி வேறு. "நாளைக்கு நான் கூட வாரேன், பல் டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் மருந்துக்கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் கேட்கிறோம், அவர் கொடுக்கிறார்.

பல் வலி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். கன்னத்தின் வெளியே ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் அளவோடு போடலாம். வேறு வலி மாத்திரை வேண்டுமானால் கேட்டுப் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சில வலி மாத்திரைகள் ஆகாது. கிராம்பு கொஞ்சம் மரத்துப்போக வைக்கும். ஆனால் கிராம்பு எண்ணெயை அதிகமாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும். புகையிலை, மூக்குப்பொடி வைப்பது வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் டாக்டரிடம் போகிற வரைக்கும்தான். போவதற்குப் பதிலாக அல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் எந்தக் கிழமை இருக்கிறார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் வட்ட அரசு மருத்துவமனை, அல்லது மதுரை ராஜாஜி மருத்துவமனையின் பல் பிரிவு.

காய்ச்சல், தாடைக்குக் கீழே அல்லது கண்ணுக்குப் பக்கத்தில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், இதில் எது இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. அது அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இப்போது வீணாக்காதே என்கிறோம்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"பல் எடுத்த பிறகு டாக்டரே மாத்திரை எழுதுறாரே, அதைச் சாப்பிடக் கூடாதா?"

டாக்டர் உங்களைப் பார்த்து எழுதியதைச் சாப்பிடுங்கள். ஆனால் "இதில் ஆன்டிபயாடிக் இருக்கா சார், எனக்கு அவசியமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. நாமாக "நல்ல பவரா எழுதிக் குடுங்க" என்று கேட்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இருதய வால்வு மாற்றியவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், முன்பு ஏதாவது மாத்திரைக்கு உடம்பு தடித்தவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பல் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

"வலி நின்னதும் மாத்திரையை நிறுத்தலாமா?"

நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாக நீட்டவும் கூடாது. டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள். இடையில் சரியாகிவிட்டால் அவரிடமே கேளுங்கள். மிச்சமானால் வீட்டில் வைக்காதீர்கள், என்னைப் போல அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.

"பிள்ளைகளுக்குப் பெரியவங்க மாத்திரையில பாதி உடைச்சுக் கொடுக்கலாமா?"

கூடாது. பிள்ளைக்கு அளவு எடையைப் பார்த்துத்தான். டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் வளரும் பல்லில் நிரந்தரக் கறையையே உண்டாக்கும்.

"எங்களுக்குக் கூலி போகுதே, அதுக்கு என்ன செய்யுறது?"

இதைக் கேட்டது மேலூர்ப் பக்கத்து அக்கா. இதுதான் உண்மையான கேள்வி. இதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை, நம் குழுவில்தான் இருக்கிறது. எல்லோரும் பேசிக் கீழ்க்கண்டவாறு முடிவெடுத்தோம்:

1. பல் வலி என்று ஓர் உறுப்பினர் சொன்னால், அடுத்த கூட்டம் வரை காத்திராமல், ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டு அன்றைக்கே 500 ரூபாய் கைமாற்றாகக் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்கு வட்டி இல்லை.

2. தனியாக அனுப்ப வேண்டாம். வலி உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே நாளில் கூட்டிப் போகலாம். தோட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடலாம்.

3. மருந்துக்கடையில் காகித உறையில் மாத்திரை வாங்குவதில்லை. அட்டையோடு, பில்லோடு வாங்குவோம். சிவப்புக் கோடு இருந்தால் சீட்டுக் காட்டுவோம்.

4. இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கொண்டுவந்து செவிலியரிடம் காட்டுவோம்.

5. வருடத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை முகாம் நடத்த வட்டார மருத்துவ அலுவலரிடம் கூட்டமைப்பின் சார்பில் மனு கொடுப்போம்.

சகோதரிகளே, பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேமித்து இந்தக் கூட்டமைப்பை வளர்த்தவர்கள் நாம். பொதுப் பணத்தை ஒருத்தர் வீணாக்கினால் எல்லோரும் கேட்போம். ஆன்டிபயாடிக்கும் அப்படி ஒரு பொதுச் சேமிப்புதான். இன்றைக்கு அவசியமில்லாமல் எடுத்துச் செலவழித்தால், நாளைக்கு நம் பேரப்பிள்ளைக்கு அவசரம் என்னும்போது இருப்பு இருக்காது.

உசிலம்பட்டிச் சகோதரி இப்போது நன்றாக இருக்கிறார். தாடைக்குக் கீழே தழும்பு இருக்கிறது. போன வாரம் அவர் குழுவில் ஒரு தங்கச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, அந்தத் தழும்பைக் காட்டி, அவரே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். காலையில் போய், மத்தியானத்துக்குள் பல்லை எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போனது. அவ்வளவுதான் போனது.